புல எண் இல்லாத தீர்மானம்

மகனே,

நாளை மறுநாள் நீ புறப்படுகிறாய். வேறொரு மாவட்டத்தின் ஊரமைப்பு அலுவலகத்தில், நிலப்படங்களின் மேல் கோடு போடும் பணியில் உன்னை அமர்த்தியிருக்கிறார்கள். நேற்று மாலை பள்ளி அரங்கில் நம் ஊரார் உனக்கு வழியனுப்பு நடத்தினார்கள். ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தபோது நான் நான்கு வரி பேசிவிட்டு அமர்ந்தேன். முன்வரிசையில் இருந்த தேநீர்க்கடைக்காரர், "என்ன டீச்சர், பேட்டரி தீந்துபோச்சா? பெத்த மகனுக்கு ஒரு அரை மணி நேரமாச்சும் பேச வேணாமா?" என்று கேட்டார். அவை சிரித்தது. நீ சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஏம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கேள்விக்கு உரிய விடை நீளமானது என்பதால் எழுத அமர்ந்தேன்.

இம்மடலை மூடிய உறையில் இட்டு உன் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். ஆயினும் இதன் படி ஒன்றை ஊராட்சி மன்றச் சுவரில் ஒட்டுவதற்கும் கொடுத்திருக்கிறேன். ஊர் நடுவில், ஒலிபெருக்கியின் முன் நின்று பிழை செய்தவள் நான். அதை ஒப்புக்கொள்வதை மட்டும் அடுக்களைக்குள் வைத்துக்கொள்வது முறையன்று. படிப்பவர் படிக்கட்டும். முதலில் நீ படி.

நான் பேசக் கற்றது தமிழ் இலக்கியம் பயின்ற நாட்களில். முதல் வரியைத் தாழ்ந்த குரலில் தொடங்க வேண்டும், மூன்றாம் வரியில் மூச்சை நிறுத்தி அவையை ஏங்கவிட வேண்டும், ஏழாம் வரியில் கைதட்டல் எழ வேண்டும் என்பதெல்லாம் எனக்கு நடப்பது போல இயல்பாயிற்று. பள்ளியில் தமிழாசிரியை, மாலையில் மேடைப் பேச்சாளி. அணை நீருக்காகக் கம்பத்தில் பேசியிருக்கிறேன், உத்தமபாளையத்தில் பேசியிருக்கிறேன். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகள் ஓரங்கட்டி நின்று கேட்டதுண்டு. எல்லைக்கு அப்பால் இருக்கும் மலையையும் அதன் மழையையும் பற்றி என்னால் ஓர் அட்டவணையும் பார்க்காமல் இரண்டு மணி நேரம் முழங்க முடியும். நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் எந்த நிலத்தின் அடியிலிருந்து ஊறி வருகிறது என்று அந்நாளில் யாராவது கேட்டிருந்தால், ஆற்றிலிருந்து என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தப் பழைய கிணறு உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். ஆற்று மணலில் வளையம் வளையமாக உறை இறக்கிய கிணறு. பக்கத்தில் நீரேற்றும் அறை. அங்கிருந்து ஊர் நடுவிலுள்ள மேல்நிலைத் தொட்டிக்குக் குழாய். கிணற்றுக்குத் தெற்கே, ஆறு வரும் திசையில், கரையோரமாக ஒரு நீண்ட தென்னந்தோப்பும் அதை ஒட்டித் தரிசும் இருந்தன. அடியெல்லாம் மணல். பெய்த மழையும் பாய்ச்சிய நீரும் அந்த மணலுக்குள் இறங்கி, வடிந்து, நம் கிணற்றுக்குத்தான் வந்து சேர்ந்தன. ஊரின் குடிநீர் தொடங்கிய இடம் கிணறு அன்று, அந்தத் தோப்பு. இதை எனக்கு யாரும் மறைக்கவில்லை. நீரேற்றும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தோப்பை விற்கப் பேச்சு நடக்கிறது, மனை போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. குடியரசு நாள் கிராம சபையில் நீர் காக்கும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவருவது என்று ஊரார் முடிவு செய்தார்கள். யார் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை. மூன்று நாள் உழைத்து நான் எழுதினேன். "எம்மூரின் உயிர்நாடியாய், எம் மழலையரின் முதல் மருந்தாய் விளங்கும் ஆற்றங்கரை நீரூற்றின் தூய்மைக்கு எவரும் எந்நாளும் எவ்வகையாலும் ஊறு செய்யலாகாது" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். பிறமொழிச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. சபையில் நானே வாசித்தேன். முதல் பத்தியிலேயே கைதட்டினார்கள்.

வாசித்து முடித்த பின் ஊராட்சிச் செயலர் எழுந்தார். செல்லப்பாண்டி என்று பெயர். மெலிந்த உருவம், சட்டைப்பையில் இரண்டு பேனா. தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி எழுத வேண்டியவர் அவர்தான். "டீச்சர், எல்லாம் நல்லா இருக்கு. ஆனா சர்வே நம்பர் ஒண்ணும் இல்லையே? எந்த எடம், எங்கன இருந்து எங்கன வரைக்கும்னு போட்டம்னாதான..." என்று இழுத்தார். ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. "தாயைக் காப்போம் வாருங்கள் என்கிறேன், தாயின் கதவெண் என்ன என்று கேட்கிறார் செயலர்!" என்றேன். பந்தல் அதிர்ந்தது. "அப்படிப் போடுங்க டீச்சர்!" என்று ஒருவர் கூவினார். "ஏலே செல்லப்பாண்டி, ஒக்காருலே! நம்பர் வேணும்னா லாட்டரிக் கடைக்குப் போ!" என்று இன்னொருவர் சொல்லச் சிரிப்பு மீண்டும் எழுந்தது. செயலரும் சிரிக்க முயன்றார். பிறகு அமர்ந்து, நான் சொன்னபடியே ஒரு சொல்லும் பிசகாமல் எழுதினார். அவருடைய கையெழுத்து அழகானது.

அந்தத் தீர்மானம் புகழ் பெற்றது, மகனே. ஊராட்சி அலுவலகத்தில் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். பள்ளியில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து நான்கு ஊராட்சிகள் படி வாங்கிச் சென்று, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தங்கள் சபைகளில் நிறைவேற்றின. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பிழையை நான்கு ஊர்களுக்குப் பரப்பியதற்காகப் போர்த்திய ஆடை அது என்று பின்னாளில் உணர்ந்தேன். அன்று நான் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தையில் தோப்பில் கல் நட்டார்கள். வண்ணக் கொடிகள் பறந்தன. ஆற்றங்கரைக் காற்று வாங்க வாருங்கள் என்று ஓர் ஆட்டோ ஊர் ஊராய் அறிவித்துச் சென்றது. கண்ணாடிச் சட்டத்திலிருந்து தீர்மானத்தைக் கழற்றிப் படியெடுத்துக்கொண்டு, மனைப்பிரிவுக் கோப்பு இருந்த அலுவலகத்துக்குப் போனேன். உன் தந்தையும் உடன் வந்தார். அங்கிருந்த அலுவலர் பொறுமையானவர். தீர்மானத்தை முழுதும் படித்தார். "அம்மா, தமிழ் அருமையா இருக்கு. இது எந்த எடத்தச் சொல்லுது?" என்றார். ஆற்றங்கரை நீரூற்று என்றேன். "ஆத்தங்கரை கம்பத்துல இருந்து வைகை வரைக்கும் இருக்கே. இந்தா பாருங்க, மனை போடுறவுக குடுத்த பேப்பர்" என்று ஒரு கட்டைத் திருப்பி வைத்தார். புல எண்கள், உட்பிரிவுகள், பரப்பளவு, நான்கு எல்லைகள், புலப்படம், பாதையின் அகலம். எல்லாம் இருந்தன. "ஆட்சேபம் உண்டான்னு கேட்டு உங்க ஊராட்சிக்குக் கடிதம் வந்திருக்கும். இந்த நம்பர் எதுக்கும் ஆட்சேபம்னு ஒரு தாளும் எங்களுக்கு வரல."

நான் அங்கேயே பேசத் தொடங்கினேன். நீரின் மாண்பு, மக்களின் உரிமை, எழுதுகோலின் கடமை என்று கால் மணி நேரம். பக்கத்து அறைகளிலிருந்து வந்து நின்று கேட்டார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் முடித்ததும் அலுவலர், ஏளனம் சிறிதும் இல்லாமல், "நான் என்ன செய்யட்டும் அம்மா, சொல்லுங்க. இதைக் கோப்புல எப்படி வைக்கிறது?" என்றார். நான் படியை மடித்துப் பைக்குள் வைத்தேன். திரும்பும் பேருந்தில் உன் தந்தை, "நல்லாத்தான் பேசின" என்றார். அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது தீர்ப்பாகக் கேட்டது.

ஊராட்சிக்கு வந்த அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். வந்தது. செல்லப்பாண்டி அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போயிருக்கிறார். "டீச்சர் தீர்மானம்தான் இருக்கே, அத அனுப்பு, போதும்" என்று தலைவர் சொல்லியிருக்கிறார். எண்களைக் குறித்து ஒரு பக்கம் தனியாக எழுதலாம் என்று செயலர் நினைத்தாராம். பந்தலில் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்ததாம். எழுதவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னது பல ஆண்டுகள் கழித்து. ஒரு நல்ல எழுத்தரின் கையை நான் ஒரு வரியில் கட்டிப்போட்டிருந்தேன்.

மனை வாங்கியவர்கள் தீயவர்கள் அல்லர். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர்கள் இருவர் அங்கே வீடு கட்டினார்கள். புதுமனை புகுவிழாவுக்கு நானும் போனேன். வீட்டுக்கு ஒரு கழிவுக்குழி தோண்டினார்கள். அடியில் தளம் போடாத குழி. மணல் நன்றாக உறிஞ்சுகிறது, நிரம்புவதே இல்லை என்று மகிழ்ந்து சொன்னார்கள். அது எங்கே போகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, விருந்துண்ட நானும் கேட்கவில்லை. மூன்றாம் கோடையில் குழாய் நீரில் வாடை வந்தது. மருந்துத் தூளை அள்ளிக் கொட்டினார்கள். நீ எட்டாம் அகவையில் மஞ்சட்காமாலையில் ஒரு மாதம் படுத்திருந்தாய். கண்ணின் வெண்மை முழுதும் மஞ்சளாகி, கஞ்சியும் தங்காமல் கிடந்தாய். அந்த நீர்தான் உன் நோய்க்குக் காரணம் என்று நான் மெய்ப்பிக்க இயலாது. அதே மாதம் நம் தெருவில் இன்னும் ஐந்து பிள்ளைகள் படுத்தார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். பிறகு ஆய்வகத்திலிருந்து, குடிப்பதற்கு உகந்ததன்று என்று அறிக்கை வந்தது. நீரேற்றும் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒரு கோடை முழுவதும் ஊர் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "டீச்சர், கண்ணாடி போட்டு மாட்டுனீகளே, அதுல தண்ணி வரலையா?" என்றாள். அவள் பகைமையோடு கேட்கவில்லை. என் குடத்தையும் அவளே தூக்கிவிட்டாள்.

மேகமலை அடிவாரத்திலிருந்து இறங்கும் ஓடையின் கரையில் புதுக் கிணறு தோண்டினார்கள். இன்று ஊர் குடிப்பது அந்த நீர். அதற்கு மேல் கிணறு தோண்ட வேறிடமில்லை. மேலே சில தோட்டங்கள், அவற்றைத் தாண்டினால் பாறை, அப்புறம் காடு. ஆகவே அதை இழந்தால் நம் ஊருக்கு மூன்றாவது கிணறு கிடையாது. நீ மேற்படிப்புக்குப் போய் ஊரமைப்புக் கலையைத் தேர்ந்தெடுத்தாய். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம், நிலப் பயன்பாடு, வகைப்பாடு, வரைவுத் திட்டம் என்று சொல்வாய். நான் தலையசைப்பேன். உள்ளூர எனக்கு அது உயிரில்லாத மொழியாகத்தான் பட்டது.

சென்ற ஆண்டு செல்லப்பாண்டி நம் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், சட்டைப்பையில் இன்னும் இரண்டு பேனா. நம் வட்டாரத்துக்கு முழுமைத் திட்டம் வரைகிறார்கள், வரைவு பார்வைக்கு வந்திருக்கிறது, ஓடைக் கிணற்றுக்கு மேலே உள்ள நிலம் முழுவதும் படத்தில் குடியிருப்புக்கு உரிய நிறத்தில் இருக்கிறது என்றார். "இன்னும் கெடு முடியல டீச்சர். ஆட்சேபம் குடுக்கலாம்." பேனா ஒன்றை எடுத்தார். "இப்பவாச்சும் நம்பர் எழுதிருவமா?"

பதினேழு ஆண்டுகளாக அவர் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்று தோன்றியது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க, நானும் அன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிச்சேன்ல. கதவெண்ணு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் பெருந்தன்மையால் சொன்னார். அந்தப் பெருந்தன்மை எனக்கு வசதியாக இருந்தது என்பதால் அதை நான் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையிலிருந்து இருவரும் நடந்தோம். ஊர்ப்படமும் புலப்படங்களும் அவர் கையில். என் கையில் ஒரு பள்ளிக் குறிப்பேடு. மழை பெய்தால் எந்த வயலின் நீர் எப்பக்கம் வடியும் என்று வரப்பில் நின்று கேட்டுக் கேட்டு எழுதினோம். ஓடைக்கு வடிவது எல்லைக்கு உள்ளே. மறுபக்கம் சரிவது வெளியே. நான்காம் நாள் காதர் பாயின் வாழைத் தோட்டத்துக்கு வந்தோம். உத்தமபாளையத்துக்காரர், அவருடைய தந்தை காலத்திலிருந்து அங்கே வாழையும் திராட்சையும் வைத்திருக்கிறார்கள். மோட்டார் அறையிலிருந்து வெளியே வந்தவர், நாங்கள் அவருடைய வயலின் எண்ணை எழுதுவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன செல்லப்பாண்டி, என் தோட்டத்துக்கு வந்து என் நம்பர எழுதுறீக, எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

நான் முன்னே வந்தேன். "பாய், இது ஒரு தனி மனிதரின் நிலத்தைப் பற்றிய செய்தியன்று; ஓர் ஊரே அருந்தும் நீரின்..." என்று தொடங்கினேன்.

"இருங்க டீச்சர், இருங்க. மைக் இல்லாம பேசுங்க. நான் இங்கனதான நிக்கிறேன்" என்றார்.

செல்லப்பாண்டி குனிந்து காலணியைச் சரிசெய்வதுபோல் சிரித்தார். நான் மைக் இல்லாமல் சொன்னேன். மூன்று வரி போதுமாயிருந்தது. அவர் கேட்டுக்கொண்டார். பின்பு சொன்னார்: "எங்க அத்தா கல்லப் பேத்துப் பேத்து உண்டாக்குன நெலம் இது. எனக்கு மூணு பிள்ளைக. நாளைக்கு அதுக இங்கன ஒரு வீடு போட வேணாமா? உங்க ஊரு தண்ணி குடிக்க, என் வீட்டு வாசல்ல பூட்டுப் போடுவீகளோ? கோடு போட்டுட்டு நீங்க கீழ எறங்கிப் போயிருவீக. கோட்டுக்குள்ள இருக்கப்போறது நான்."

மேடையில் இத்தகைய கேள்வியை எப்படி வெல்வது என்று எனக்குத் தெரியும். ஊரின் குழந்தைகளை முன்னிறுத்தினால் போதும், கேட்டவர் தலைகுனிவார். நான் வாயைத் திறக்கவும் செய்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, இவரை இப்படித் தலைகுனிய வைத்தால் நாளை இவர் வேறொரு அறையில் போய் மனை போடுகிறவர்களுக்குக் கையொப்பமிடுவார் என்று புரிந்தது. பந்தலில் செல்லப்பாண்டியை வென்றதும் ஊருக்குத் தோல்வியாகத்தான் முடிந்தது. "உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லுங்கள் பாய், அதையும் எழுதுவோம்" என்றேன். வாழைத்தார் ஏற்றும் கட்டைவண்டியின் மேல் குறிப்பேட்டை வைத்து அன்று பகல் முழுவதும் எழுதினோம். வேளாண்மைக்குத் தடையில்லை. குடும்பத்தார் வாழ ஒரு வீடு கட்டலாம். ஓடைக் கரையை விட்டு இவ்வளவு தள்ளி. கழிவுத்தொட்டி அடியும் பக்கமும் மூடியதாக இருக்க வேண்டும். மனைப்பிரிவு கூடாது, ஆலை கூடாது, குப்பை கொட்டலாகாது. "சாயப்பட்டறையும் கூடாதுன்னு போடுங்க" என்று அவரே சேர்த்தார். "பூச்சிமருந்து டப்பாவ ஓடையில கழுவுறதும் கூடாதுன்னு போடலாமா பாய்?" என்று செல்லப்பாண்டி கேட்டார். "அது என்னையச் சொல்லுற மாதிரி இருக்கே" என்றார் காதர் பாய். பிறகு, "போடு, போடு" என்றார்.

இரண்டு பக்கம். இருபத்து மூன்று புல எண்கள். ஓர் உவமையும் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் அழகு குறைந்தது அதுதான். கிராம சபையில் அதை வைத்தபோது முன்பு போல் யாரும் கைதட்டவில்லை. எண்கள் மட்டும் புத்தகத்தில் ஏறின.

ஆட்சேபம் கேட்கும் நாள் வந்தது. அரங்கில் நான் எழுந்ததும் நம் ஊரார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தயாரானார்கள். நான் எண்களை வாசித்தேன். வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பது போல, ஒன்றன்பின் ஒன்றாக. பின்னாலிருந்து யாரோ கொட்டாவி விட்டது எனக்கே கேட்டது. அலுவலர் ஒவ்வோர் எண்ணையும் படத்தில் பார்த்துக் குறியிட்டுக்கொண்டு வந்தார். ஓர் எண்ணில் நிறுத்தி, "இது ஓடைக்கு அந்தாண்டல்ல இருக்கு? கிணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே?" என்றார். செல்லப்பாண்டி எழுந்து, "படத்துல ஓடை அங்கன இருக்கு சார். பெருவெள்ளத்துல திரும்பி இப்ப இங்கன ஓடுது. நேர்ல வந்து பாருங்க" என்றார். அலுவலர் நேரில் வருவதாகக் குறித்துக்கொண்டார். வந்தார், முழங்கால் வரை நீரில் நின்று பார்த்தார்.

நிலத்துக்காரர்கள் பக்கத்திலிருந்து காதர் பாய் எழுந்தார். "எனக்குச் சம்மதந்தான். ஆனா எழுதுனத எழுதுனபடி போடணும். ஒரு வீடுன்னா ஒரு வீடு. நாளைக்கு இந்த டீச்சரு இருக்க மாட்டாக. நீங்களும் மாறிப் போயிருவீக. பேப்பருதான் இங்கன இருக்கும்" என்றார். அவ்வளவு சிறந்த பேச்சை அந்த அரங்கில் அன்று வேறு யாரும் பேசவில்லை.

சென்ற மாதம் இறுதித் திட்டம் வந்தது. இருபத்து மூன்றில் இருபத்திரண்டு எண்கள் நாங்கள் கேட்ட நிபந்தனைகளோடு ஏற்கப்பட்டிருக்கின்றன. ஒன்று விடுபட்டுவிட்டது. ஓடை திரும்பும் இடத்திலுள்ள வயல். வெளியூரில் வாழும் அதன் உரிமையாளர் தனியே வாதாடியிருக்கிறார். பரப்பில் சிறியது, கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது. தோப்பில் நடந்தது அங்கே மீண்டும் நடக்க அந்த ஒரு வயல் போதும். அதற்கு மறுமுறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரையும் போய்ப் பார்க்க வேண்டும். காதர் பாய் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று இரண்டாவதாக ஒன்று கேட்டாய்: உன்னுடன் படித்த ஒருவர் அத்துறையில் இருக்கிறார், ஒரு சொல் சொல்லிப் பார்க்கட்டுமா என்று. வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தொலைபேசியில் போட்ட கோட்டைத் தொலைபேசியிலேயே அழிக்கலாம். நாளை அந்த உரிமையாளருக்கும் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். ஆட்சேபக் கேட்பு நடந்து, காரணம் எழுதி, கையொப்பம் விழுந்த கோடுதான் ஆள் மாறினாலும் நிற்கும். உன் தாயின் ஊருக்காக நீ சட்டத்தைச் சுற்றிப் போனால், உன் மேசைக்கு வரும் மற்ற ஊர்களுக்கு நீ அதைச் சொல்ல இயலாமற்போகும். முறையீடு தோற்றால் மேலே எழுதுவேன். அதற்கு இன்னும் எனக்கு வலுவிருக்கிறது.

இனி உன் பணியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இதைச் சொல்லும் தகுதி எனக்குத் தோற்றதால் வந்தது. புதிய இடத்தில், உன் அலுவலகத்துக்கு ஒரு நாள் என்னைப் போன்ற ஒருத்தி வருவாள். குரல் கட்டடத்தை நிறைக்கும். கையிலிருக்கும் தாளில் ஒன்றும் இராது. அவள் வந்த நேரத்தில் எதிர்த்தரப்பின் கோப்பு குறைவின்றி உன் மேசையில் இருக்கும். சட்டப்படி நீ அவளைத் திருப்பி அனுப்பலாம். உன்மேல் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. என்னைத் திருப்பி அனுப்பியவர்மீதும் நான் குற்றம் சொல்லவில்லை. நீ அதற்கு மேல் ஒன்று செய். அவளை முழுதும் பேசவிடு, பாதியில் நிறுத்தினால் அவள் மறுபடி தொடக்கத்திலிருந்து தொடங்குவாள். மூச்சு வாங்கும் வேளையில் புலப்படத்தை விரித்து அவள் பக்கமாகத் திருப்பி வை. கிணறு எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல். மழை பெய்தால் நீர் எந்தப் பக்கமிருந்து அங்கே வரும் என்று கேள். அவள் விரல் நகரும் வயல்களின் எண்களை, அவளுக்குத் தெரியாவிட்டால், நீயே படித்துச் சொல். அவள் கையாலேயே எழுதச் சொல். கெடு என்றைக்கு முடிகிறது என்று பார். இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தாலும், அவள் ஆட்சேபத்தில் கையொப்பமிடாமல் படியிறங்கவிடாதே.

உன் அம்மா